கடல் இழுக்கிறதா, மீன் இழுக்கிறதா?

பாம்பனில் என் சித்தப்பாவோடு முதன்முதலாகத் தூண்டில் போடப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வள்ளத்தை நங்கூரம் போட்டு நிறுத்தினார். தங்கூசி நரம்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டி, முள்ளில் கணவாய்த் துண்டைக் குத்தி இறக்கி, நரம்பை என் ஆட்காட்டி விரலின் மேல் போட்டுவிட்டார். "கொத்தினா விரல்ல தெரியும். உடனே இழு" என்றார். அவ்வளவுதான் பாடம்.

விரலில் எப்போதும் ஏதோ ஒன்று தெரிந்துகொண்டேதான் இருந்தது. அலை வள்ளத்தைத் தூக்கும்போது நரம்பு விறைத்தது, இறங்கும்போது தொய்ந்தது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், ஈயத்தைத் தரையில் உருட்டியபோது பொடிப்பொடியாக அதிர்ந்தது. ஒவ்வொரு தடவையும் மீன்தான் என்று நினைத்து ஐந்து பாக (கை இரண்டையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நரம்பையும் மளமளவென்று இழுத்தேன். இரை வைத்தபடியே இருந்தது. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு சித்தப்பா சொன்னார்: "தம்பி, இழுக்கிறது கடலு. மீன் இழுத்தா நீயே சொல்லுவ."

சரி என்று பொறுமையாக உட்கார்ந்தேன். இந்தத் தடவை எது தெரிந்தாலும் கடல்தான் என்று விட்டுவிட்டேன். அரை மணி கழித்து இழுத்துப் பார்த்தால் முள் மட்டும் பளபளவென்று இருந்தது. இரையை எதுவோ சுத்தமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

அன்று என் விரல் சந்தித்த சிக்கலைத்தான் புள்ளியியலிலும் உளவியலிலும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தானாகவே ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றில் உண்மையான மாற்றம் வந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, மனிதர்கள் அதில் எவ்வளவு தேறுவார்கள் என்பது கேள்வி. படிப்பதற்குப் பெரிய விஷயம் போல இருக்கும். ஆனால் நாம் எல்லோரும் தினமும் இதைச் செய்துகொண்டிருக்கிறோம். வலையில் விழும் நண்டின் எடை ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வாரம் குறைந்திருப்பது தற்செயலா, கடலில் நண்டே குறைந்துவிட்டதா? அம்மாவின் சர்க்கரை அளவு சோதிக்கும்போதெல்லாம் மாறுகிறது. நேற்று ஏறியது சாதாரண ஏற்றமா, மாத்திரை போதவில்லையா? ஏலக்கூடத்தில் விலை விழுந்தது ஒருநாள் கதையா, இனி இதுதான் விலையா?

இந்தக் கட்டுரையில் இரண்டு சொற்களைக் கையில் வைத்துக்கொள்வோம். ஒரு காரணமும் தனியாகச் சொல்ல முடியாமல், நாளுக்கு நாள் கூடிக் குறைவதை 'ஆட்டம்' என்று சொல்கிறேன். அந்த ஆட்டம் எந்த அளவைச் சுற்றி நடக்கிறதோ அந்த அளவே இடம்பெயர்ந்தால் அது 'மாற்றம்'. இரண்டும் நம்மிடம் ஒரே வேஷத்தில்தான் வருகின்றன. தராசில் 7 கிலோ என்று காட்டினால், அது ஆட்டத்தால் வந்த 7-ஆ, மாற்றத்தால் வந்த 7-ஆ என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது.

இரண்டு தவறு, ஒரே கயிறு

தூண்டிலில் நான் செய்தவை இரண்டு வெவ்வேறு தவறுகள். மீன் இல்லாதபோது இழுத்தது ஒன்று. இதைப் பொய் எச்சரிக்கை என்பார்கள். மீன் இருந்தபோது இழுக்காமல் விட்டது இன்னொன்று, இது தவறவிடுதல். இவை இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். "கொஞ்சம் அசைந்தாலும் இழுப்பேன்" என்று வைத்துக்கொண்டால் தவறவிடுவது குறையும், வெறும் முள்ளை இழுப்பது கூடும். "பலமாக இழுத்தால் ஒழிய அசைய மாட்டேன்" என்றால் கதை தலைகீழ். எல்லைக் கோட்டை எங்கே வைத்தாலும் ஒரு பக்கம் இழப்பு இருக்கும். அனுபவசாலி, புதுசு என்ற வித்தியாசம் இதில் கிடையாது.

இதற்கு நம் ஊரிலேயே கண்ணுக்கு நேராக ஓர் உதாரணம் இருந்தது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் பாலத்தில் ஏறாது. கடற்காற்று ஒரே சீராக அடிப்பதில்லை, விட்டுவிட்டு வீசும். ஒரு வீச்சு எல்லையைத் தாண்டியதும் ரயிலை நிறுத்துவார்கள். அப்புறம் ஒன்றும் நடக்காமலே காற்று அடங்கிவிடும். பெட்டிக்குள் காத்துக் கிடப்பவர்கள், "இந்தக் காத்துக்கா நிப்பாட்டுனாங்க" என்று சலித்துக்கொள்வார்கள்.

அந்தச் சலிப்பு நியாயம்தான், ஆனாலும் கோடு அங்கே இருந்ததே சரி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் ஒரு ரயில் பயணிகளோடு கடலுக்குள் போன கரை இது. இங்கே தவறவிடுவதன் விலை என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு தடவை வீணாகக் காத்திருப்பதை அந்த ஒரு தடவையோடு ஒப்பிடவே முடியாது. தூண்டிலில் நிலைமை வேறு. வீணாக ஒரு தடவை இழுத்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். எல்லைக் கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கு மட்டும் சொல்லாது. இந்தத் தவறுக்கு என்ன விலை, அந்தத் தவறுக்கு என்ன விலை என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் இதே பாடுதான். புள்ளிபுள்ளியாக மினுங்கும் திரையில் எது விமானம், எது வெறும் மினுமினுப்பு? அதிலிருந்து வளர்ந்த துறையைச் சமிக்ஞை கண்டறிதல் கோட்பாடு என்கிறார்கள். அதன் முக்கியமான பங்களிப்பு என்று நான் நினைப்பது இது: ஒருவருடைய கூர்மையையும் அவர் கோடு வைத்திருக்கும் இடத்தையும் தனித்தனியாக அளக்கக் கற்றுக்கொடுத்தது. நிறைய எச்சரிக்கை கொடுப்பவர் கூர்மையானவராகத் தெரியலாம். உண்மையில் கோட்டைத் தாழ்த்தி வைத்திருப்பவராக மட்டும் இருக்கலாம்.

கூர்மை எதனால் கூடும்

பாம்பன்காரர்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல். வடகடல் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது எதிர்மாறாக இருக்கும். ஒரே எடையுள்ள வெளமீன் ஒரே மாதிரி கொத்தினாலும், அடங்கிய கடலில் விரலுக்குச் சட்டென்று தெரியும். கொந்தளிக்கும் கடலில் தெரியவே தெரியாது. மீன் கொடுத்த இழுப்பு ஒன்றுதான். சுற்றியிருக்கும் ஆட்டம்தான் வேறு.

ஆக, ஒரு மாற்றம் பெரியதா சின்னதா என்பதை அந்த மாற்றத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்தின் வழக்கமான ஆட்டத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் திட்டவிலக்கம் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்களே, அது இதற்குத்தான். வழக்கமாக ஒரு நாள் எடை சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகும் என்பதை ஒரே எண்ணில் சொல்வது அது. 2 கிலோ ஆடுகிற இடத்தில் 2 கிலோ குறைவது ஒரு சங்கதியே இல்லை. அரைக் கிலோ ஆடுகிற இடத்தில் அதே 2 கிலோ குறைந்தால் உடனே விசாரிக்க வேண்டும்.

கூர்மையைக் கூட்டும் இன்னொரு வழி, ஒரு தடவையோடு நிறுத்தாமல் பல தடவை பார்ப்பது. நான்கு நாள் எடையின் சராசரியை எடுத்தால் ஆட்டம் பாதியாகிவிடும். பதினாறு நாள் சராசரியில் கால்வாசியாகிவிடும். நாள்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் ஆட்டத்தை வகுத்தால் கிடைப்பது இது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதினாறு நாள் காத்திருந்தால்தான் பதினாறு நாள் சராசரி கிடைக்கும். அதற்குள் டீசலுக்கும் ஐஸுக்கும் போட்ட காசு போயிருக்கும். சீக்கிரம் தெரிய வேண்டும் என்றால் தப்பாகத் தெரியவும் தயாராக இருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்றால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் எவ்வளவு தேறுவோம்

முதலில் நல்ல செய்தி. மனிதர்கள் இதில் மோசமில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலிஸ்டலும் அவருடைய கூட்டாளிகளும் 2014-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நிற வட்டங்கள் வரும். இரண்டு நிறங்களில் ஒன்று எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பார்ப்பவர் ஊகித்துக்கொண்டே வர வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் அந்த விகிதம் அவ்வப்போது மாறும். 'பெட்டி மாறிவிட்டது' என்று சொல்ல ஒரு பொத்தான், 'இல்லை, முன்னால் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று சொல்ல இன்னொரு பொத்தான்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் மக்கள் தங்கள் ஊகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருக்கவில்லை. பல வட்டங்கள் வரும் வரை அசையாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரே தாவலாகத் தாவினார்கள். மாற்றங்களை வேகமாகவும் கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது வாபஸ் பொத்தான்தான். 'மாறிவிட்டது' என்று சொன்ன பிறகும் மனது பழைய வட்டங்களையே புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பிறகு 'அது வெறும் ஆட்டம்தான் போல' என்று திருத்திக்கொள்கிறது. சித்தப்பா நரம்பைப் பாதி இழுத்துவிட்டு, "ம்ஹும்" என்று திரும்ப விடுவதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதுதான் இது.

இனி சறுக்கும் இடங்கள்.

ஒரு ரூபாய் நாணயத்தை 20 தடவை சுண்டி, தலை பூ என்று வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைச் சுண்டாமலே மனதிலிருந்து 20 எழுதச் சொல்லுங்கள். மனதிலிருந்து எழுதுபவர் பெரும்பாலும் தலை, பூ, பூ, தலை என்று மாற்றி மாற்றி எழுதுவார். ஒரே பக்கத்தை நான்கு தடவை தொடர்ந்து எழுதக் கை வராது. உண்மையில் 20 சுண்டலில் ஏதாவது ஒரு பக்கம் தொடர்ந்து 4 தடவையாவது விழுவதற்கு 100-க்கு 77 வாய்ப்பு இருக்கிறது. தற்செயல் என்பது நாம் நினைப்பதைவிடக் கொத்துக் கொத்தாக வரும் பொருள். அந்தக் கொத்தைப் பார்த்ததும் 'ஏதோ நடந்துவிட்டது' என்று மனம் துள்ளுகிறது.

இதைக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கடலில் ஒரு மாற்றமும் இல்லை, ஒவ்வொரு நாளும் எடை சராசரிக்கு மேலே இருக்கவும் கீழே இருக்கவும் சரிபாதி வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், 20 நாளுக்குள் எங்கேயாவது 4 நாள் தொடர்ந்து சராசரிக்குக் கீழே போக 100-க்கு 48 வாய்ப்பு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. நான்காவது நாள் வலையை மாற்றுகிறோம், அல்லது இடத்தை மாற்றுகிறோம். ஐந்தாவது நாள் எடை கூடிவிடுகிறது. புது வலைக்குப் பெயர் கிடைத்துவிடும். மோசமான நாள்களுக்குப் பிறகு சுமாரான நாள் வருவது ஆட்டத்தின் இயல்பு. வலையை மாற்றாமல் இருந்தாலும் பெரும்பாலும் வந்திருக்கும். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சிஸ் கால்டன் இதைக் கவனித்து எழுதினார். அன்றிலிருந்து இன்றுவரை, கஷாயம் முதல் கம்பெனி மேனேஜர் வரை, எத்தனை பேர் இதனால் நல்ல பெயர் வாங்கியிருப்பார்களோ.

அடுத்தது களைப்பு. பிரிட்டனில் நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் 1948-இல் ஒரு கடிகாரச் சோதனையை வெளியிட்டார். எண்கள் இல்லாத வெற்று முகப்பில் ஒரு முள் படிப்படியாக நகரும். எப்போதாவது ஒரு தடவை ஒரு படிக்குப் பதில் இரண்டு படி தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. அரை மணி கடந்த பிறகே பார்ப்பவர்களின் கண்டுபிடிப்பு கணிசமாகக் குறைந்துவிட்டது. கண்ணில் கோளாறு கிடையாது, அக்கறையில்லாதவர்களும் கிடையாது. அரிதாக வருவதற்காக நீண்ட நேரம் விழிப்பாக இருப்பது மனித உடம்புக்கு ஒத்துவருவதில்லை. நான் இரையைப் பறிகொடுத்த அந்த அரை மணியை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் என் பார்வையில் மிக முக்கியமானது. கேட் மாஸி, ஜார்ஜ் வூ என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட சோதனையும் நிறங்களை வைத்துத்தான். சிவப்பு, நீலப் பந்துகள் வந்துகொண்டிருக்கும். இடையில் ஏதாவது ஒரு கட்டத்தில் நிலைமை மாறலாம். எவ்வளவு அடிக்கடி மாறும், பந்துகள் எவ்வளவு நம்பகமான சேதி என்ற இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒளிவுமறைவே இல்லை. அப்படியும் மக்கள் ஒரே விதமாகச் சறுக்கினார்கள். மாற்றம் அபூர்வமாக வரும், சேதியும் கலங்கலாக இருக்கும் என்ற இடத்தில் அளவுக்கு மீறித் துள்ளினார்கள். மாற்றம் அடிக்கடி வரும், சேதியும் தெளிவாக இருக்கும் என்ற இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் இதுதான்: கையில் வந்த சேதியை உற்றுப் பார்க்கிறோம், அந்தச் சேதி எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்பதைப் போதுமான அளவு பார்ப்பதில்லை. ஒருவர் பதற்றக்காரர், இன்னொருவர் நிதானக்காரர் என்று ஆள்களைப் பிரிப்பது நமக்குப் பழக்கம். ஆனால் அந்தச் சோதனையில் அதே ஆள் ஓரிடத்தில் பதற்றக்காரர், இன்னோரிடத்தில் அசட்டைக்காரர். நண்டு எடை போன்ற கலங்கலான சேதிக்கு நாம் துள்ளுவதையும், வாடை தொடங்கும் பருவத்து வானம் போல் அடிக்கடி மாறும் தெளிவான சேதிக்கு 'பாத்துக்கலாம்' என்று இருந்துவிடுவதையும் நான் இதோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

மெதுவாக வரும் மாற்றம் இன்னும் கொடுமையானது. ஒவ்வொரு நாளும் ஒரு துளி குறைந்தால், நேற்றோடு இன்றை ஒப்பிடும் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. மீன்வள அறிவியலாளர் டேனியல் பாலி 1995-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். நகரும் அடிக்கோடு என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்தபோது கடல் எப்படி இருந்ததோ அதையே இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. தாத்தா காலத்துக் குறைவு அப்பாவின் இயல்பாகிறது, அப்பா காலத்துக் குறைவு நமக்கு இயல்பாகிறது. தாத்தா சொன்ன மீன் அளவுகளைச் சிறுவயதில் நான் கதை என்றுதான் நினைத்தேன். அவர் தன் அடிக்கோட்டிலிருந்து அளந்து சொன்னார். என்னிடம் அந்தக் கோடு இல்லை.

நோட்டில் மூன்றாவது பத்தி

கண்ணால் மட்டும் பார்த்தால் இத்தனை சறுக்கல். அப்போது என்ன செய்வது? என் சித்தி நண்டு எடையை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். வியாபாரி தராசில் காட்டியதைத் தேதியோடு அப்படியே எழுதுவார். இரண்டே பத்தி, தேதிக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. நான் அதில் மூன்றாவது பத்தி ஒன்று போட்டுக் காட்டினேன். அதை இங்கே செய்து பார்ப்போம். கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காக எண்களை நானே அமைத்திருக்கிறேன்.

முதல் பத்து நாள் எடை, கிலோவில்: 11, 8, 12, 9, 7, 13, 10, 11, 8, 11. சராசரி 10. திட்டவிலக்கம் ஏறக்குறைய 2. அடுத்த பத்து நாள்: 9, 7, 10, 6, 8, 11, 5, 8, 7, 9. சராசரி 8. இரண்டாவது பத்தில் உண்மையிலேயே 2 கிலோ இறங்கிவிட்டது. ஆனால் நாள் கணக்கில் வரிசையாகப் பாருங்கள். இரண்டாவது பத்தில் 10-உம் 11-உம் இருக்கின்றன. முதல் பத்தில் 7-உம் 8-உம் இருக்கின்றன. 'அன்னிக்குத்தான் மாறிச்சு' என்று விரல் வைக்க ஒரு நாளும் இல்லை.

அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் ஒரு வழி சொன்னார். சராசரிக்கு மேலேயும் கீழேயும் மூன்று திட்டவிலக்கத் தூரத்தில் ஒவ்வொரு கோடு போடுங்கள். உள்ளே இருக்கும் வரை ஆட்டம் என்று விட்டுவிடுங்கள், வெளியே போனால் காரணம் தேடுங்கள். இன்றும் தொழிற்சாலைகளில் இந்த வரைபடம் தொங்குகிறது. நம் கணக்கில் கீழ்க்கோடு 10-லிருந்து 6 போக 4 கிலோ. இருபது நாளில் ஒரு நாளும் 4-க்குக் கீழே போகவில்லை. கோடு வாயே திறக்கவில்லை.

இதற்காக ஷூஹார்ட்டைக் குறை சொல்ல முடியாது. மூன்று திட்டவிலக்கக் கோடு பொய் எச்சரிக்கை கொடுப்பது சராசரியாக 370 நாளுக்கு ஒரு தடவைதான். அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. ஒரு திட்டவிலக்க அளவு மட்டும் நடக்கும் சின்ன மாற்றத்தைப் பிடிக்க அதற்குச் சராசரியாக 44 நாள் ஆகும். பெரிய அடி விழுந்தால் உடனே கத்தும். சின்ன அடிக்குத் தூங்கும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஈ. எஸ். பேஜ் 1954-இல் சொன்ன வழி வேறு. ஒவ்வொரு நாளையும் தனியாக விசாரிக்காதீர்கள், குறைகளைக் கூட்டிக்கொண்டே வாருங்கள் என்றார். நல்ல எடை 10, நாம் பயப்படும் எடை 8; நடுவில் 9. ஒவ்வொரு நாளும் 9-லிருந்து அன்றைய எடையைக் கழியுங்கள். வருவதை நேற்றைய கூட்டுத்தொகையோடு சேருங்கள். கூட்டுத்தொகை சுழியத்துக்குக் கீழே போனால் சுழியம் என்றே வையுங்கள். மூன்றாவது பத்தி இவ்வளவுதான். இதைக் கியூசம் (கூட்டிக்கொண்டே வரும் தொகை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்கிறார்கள்.

முதல் பத்து நாளில் அந்தப் பத்தி: 0, 1, 0, 0, 2, 0, 0, 0, 1, 0. ஒரு கெட்ட நாள் வந்தால் கொஞ்சம் ஏறுகிறது, நல்ல நாள் வந்ததும் அடங்கிவிடுகிறது. இரண்டாவது பத்து நாள்: 0, 2, 1, 4, 5, 3, 7, 8, 10, 10. வித்தியாசம் தெரிகிறதா? நடுவில் 11 கிலோ வந்த நாளில்கூட 3 வரைதான் இறங்கியது, மறுபடி ஏறிவிட்டது. எடைப் பத்தியில் ஒளிந்திருந்த மாற்றம் இந்தப் பத்தியில் படிக்கட்டு மாதிரி நிற்கிறது. எச்சரிக்கைக் கோட்டை ஐந்து திட்டவிலக்கம், அதாவது 10 என்று வைத்தால், மாற்றம் வந்த ஒன்பதாவது நாள் அது தொட்டுவிட்டது. பொதுவாகவே இப்படிக் கோடு வைத்தால் இந்த அளவு மாற்றத்தைப் பிடிக்கச் சராசரியாகப் பத்து நாள் போதும். ஷூஹார்ட் வழியில் 44. பேஜ் வழி பொய் எச்சரிக்கையைக் கூட்டிவிட்டு வேகத்தை வாங்கவில்லை, பழைய நாள்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்ததால் வாங்கியது.

தூண்டில்காரரின் விரலும் இப்படித்தான் ஏதோ செய்கிறது என்று நான் நம்புகிறேன். சித்தப்பா ஒரே ஓர் அதிர்வுக்கு இழுப்பதில்லை. மூன்று நான்கு அதிர்வுகளை விரலில் வாங்கி, அலையின் தாளத்தோடு ஒட்டாமல் அவை சேர்ந்துகொண்டே போனால்தான் கை எழும்பும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "அலை சொல்லிட்டு வரும், மீன் சொல்லாம வரும்" என்பார். அலையின் ஆட்டம் எவ்வளவு என்பது அவர் கைக்குப் பாடம். என் கைக்கு அன்று அந்தப் பாடம் இல்லை.

சித்தி மூன்றாவது பத்தியை ஏற்றுக்கொண்டார். ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார். "அமாவாசை, பௌர்ணமிக்கு நண்டு கூடக் குறையப் படுமே, அதை உன் கணக்கு என்ன பண்ணும்?" அது என் கணக்கில் விட்டுப்போன இடம். நிலவோடு சேர்ந்து வருவது தற்செயல் ஆட்டம் அல்ல, வருமென்று தெரிந்தே வருவது. அதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துத்தான் கூட்ட வேண்டும். கழிக்காமல் விட்டால் மாதத்துக்கு இரண்டு தடவை கணக்கு வீணாகப் பதறும். காற்று மாறும் பருவத்திலும் இதே கதைதான். பழைய சராசரி 10 என்பதையே பிடித்துக்கொண்டிருந்தால், பருவம் மாறியதைக் கணக்கு ஆபத்து என்று நினைத்துக்கொள்ளும். புதுப் பருவத்துக்குப் புதுச் சராசரி, புது ஆட்ட அளவு வேண்டும். அதற்கு முந்தைய வருஷங்களின் அதே பருவத்து எடைகள் வேண்டும்.

அந்த எடைகள் சித்தியிடம் இருந்தன. பழைய நோட்டுகளை அவர் எடைக்குப் போடவே இல்லை. பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தார். உப்பீரத்தில் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கச்சானுக்கு ஒரு பக்கம், வாடைக்கு ஒரு பக்கம் என்று பிரித்து எழுத எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இப்போது வாடை திரும்பியதும் சித்தி புதுப் பக்கம் எடுத்து, மூன்றாவது பத்தியின் தலையில் 0 என்று எழுதிவிட்டுத்தான் முதல் எடையை எழுதுகிறார்.